ஒண்டிக்கட்டைப் பவளம்

என் கடல்நீர்த் தொட்டியில் இப்போது இருப்பது ஒரே ஒரு கிளைப்பவளம். போன வருஷம் ஐந்து இருந்தன. இரண்டு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பிய அன்று, தொட்டிக் கண்ணாடியில் கை வைத்ததுமே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டது, வெதுவெதுவென்று இருந்தது. ஹீட்டரின் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு அணையாமலே ஓடியிருக்கிறது. 26 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர் 32ஐத் தொட்டிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஹீட்டரைப் பிடுங்கி எறிந்து, மின்விசிறியைத் தண்ணீர்ப்பக்கம் திருப்பி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை இறக்கினேன். ராத்திரி படுக்கும்போது எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பவளம் உடனே காட்டிக்கொடுக்காது. மூன்றாம் நாள்தான் நுனிகள் வெளிறத் தொடங்கின. ஐந்தாம் நாள் ஐந்துமே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை வெளேர். வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன், ஆனால் அதை நம்புவதற்குப் பூதக்கண்ணாடியைத் தொட்டிச் சுவரில் ஒட்டவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. சதை அங்கேயேதான் இருந்தது. கண்ணாடிபோல, நிறமே இல்லாமல், அடியில் இருக்கும் எலும்பு அப்படியே தெரிகிற மாதிரி. ஒவ்வொரு குட்டிக் கிண்ணத்திலிருந்தும் பன்னிரண்டு விரல்களை நீட்டிக்கொண்டு, பவளத்தின் குட்டி உயிர்களான பாலிப்புகள் ஏதாவது கிடைக்குமா என்று துழாவிக்கொண்டிருந்தன. நிறம் கொடுப்பதும் சோறு போடுவதும் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தாம். பவளத்துக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம்வரை அவை ஒளிச்சேர்க்கை செய்து கொடுத்துவிடும். சூடு ஏறினால் அதே பாசிகள் நச்சு ஆக்ஸிஜனைக் கக்க ஆரம்பிக்கும், பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடும். அப்புறம் பட்டினிதான்.

நான்கு செத்தன. ஒன்று மட்டும் இரண்டு மாதத்துக்குப் பிறகு அடிப்பகுதியில் லேசாகப் பழுப்பு காட்டியது. அந்தப் பழுப்பு மெதுவாக மேலே ஏறி, நான்காவது மாதம் பழைய நிறம் முழுக்க வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் பதிலுக்கு, "பொழச்சுக்கிச்சு, சரி. இனிமே புள்ள குட்டி பெறுமா?" என்று கேட்டார். கிண்டலுக்குத்தான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி மூன்று நாலு வாரம் விடவே இல்லை.

ஏனென்றால் பதில் தெரியும். பெறாது.

தொட்டிக்காரர்கள் பவளத்தைப் பெருக்குவது செடியைப் பதியம் போடுவதுபோல. ஒரு கிளையை வெட்டி, கல்லில் ஒட்டினால், அது தனிப் பவளமாக வளரும். என்னிடம் இருப்பதே அப்படி யாரோ வெட்டிக் கொடுத்த துண்டுதான், கடலிலிருந்து பிடுங்கியதல்ல. இதை நூறாக வெட்டினாலும் நூறும் ஒரே ஆள், ஒரே மரபணு. கடலிலும் இது நடக்கும், புயலில் உடைந்த கிளை தரையில் ஒட்டிக்கொண்டு வளர்ந்துவிடும். பல இடங்களில் பவளத்திட்டு மீட்புத் திட்டம் என்று நடப்பதும் பெரும்பாலும் இந்த வெட்டி நடும் வேலைதான். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு துண்டு சூட்டில் சாகிற ரகம் என்றால் அதன் நூறு பிரதிகளும் அதே சூட்டில் சாகும். புது ரகம் வேண்டுமென்றால் முட்டையும் விந்தும் சேர்ந்தாக வேண்டும், அதற்கு வேறொரு பவளம் வேண்டும். கிளைப்பவளங்களான அக்ரோபோரா வகையில் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்த உடம்புதான், இருந்தும் தன் விந்து தன் முட்டையோடு சேர்வதை அவை பெரும்பாலும் ஏற்பதில்லை.

பவளம் எப்படிப் பிள்ளை பெறுகிறது என்பதே நமக்கு ஒழுங்காகத் தெரிந்து நாற்பது வருஷம்தான் ஆகிறது, அதை நினைத்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. அதற்கு முன்பு பாடப்புத்தகக் கருத்து என்னவென்றால், பெரும்பாலான பவளங்கள் கருவை உள்ளேயே அடைகாத்து, நீந்தத் தெரிந்த குட்டியாக வெளியே விடும் என்பது. சில இனங்கள் அப்படித்தான். ஆனால் 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்து இளம் ஆராய்ச்சியாளர்கள் சிலர் ராத்திரியில் டார்ச்சோடு தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தார்கள். பவுர்ணமி கழிந்த சில இரவுகளில், இருட்டிய பிறகு, இனம் இனமாகப் பவளங்கள் முட்டையையும் விந்தையும் ஒன்றாக வெளியே விட்டுக்கொண்டிருந்தன. பீட்டர் ஹாரிசனும் கூட இருந்தவர்களும் எழுதிய கட்டுரை 1984ல் சயன்ஸ் இதழில் வந்தது. அந்தத் திட்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் வருஷத்தில் ஒருசில இரவுகளில் மொத்தமாக இதைச் செய்கின்றன என்பது பிறகு தெளிவானது. அத்தனை காலம் யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் ரொம்ப எளிது: ஆராய்ச்சியாளர்கள் பகலில்தான் முங்கினார்கள்.

நான் நேரில் பார்த்ததில்லை, வீடியோவில்தான். ஆனால் மெதுவாக ஓடவிட்டுப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். முதலில் ஒவ்வொரு பாலிப்பின் வாயிலும் ஒரு இளஞ்சிவப்பு உருண்டை வந்து அடைத்துக்கொண்டு நிற்கும், கடுகு அளவுதான் இருக்கும். அப்படியே பதினைந்து, இருபது நிமிஷம் நிற்கும். ஒன்றுமே நடக்காது. திடீரென்று ஒன்று கழன்று மேலே மிதக்கும், பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் மொத்தக் கிளையும். மழையைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல இருக்கும். அந்த உருண்டைக்குள் சில முட்டைகளும் நடுவே விந்துப் பொதியும் இருக்கின்றன. முட்டையில் கொழுப்பு நிறைய, அதனால்தான் மிதக்கிறது. மேலே போய்ச் சேர்ந்த பிறகு உருண்டை உடைந்து, ஒருவர் முட்டையும் இன்னொருவர் விந்தும் நீர்ப்பரப்பில் கலக்கும். ஆழமான தண்ணீரில் முப்பரிமாணத்தில் தேடித் திரிவதற்குப் பதிலாக எல்லோரும் மேற்பரப்புக்கு வந்துவிடுவது நல்ல யோசனை. யோசிக்க மூளையே இல்லாத ஒன்று இதைச் செய்கிறது.

மூளை இல்லாத ஒன்று தேதி எப்படிப் பார்க்கிறது? கடல் சூடாகிற பருவம் மாதத்தைச் சொல்லும், நிலா நாளைச் சொல்லும், அஸ்தமனம் மணியைச் சொல்லும். திதிக் கணக்கில் சொன்னால் பெரும்பாலும் தேய்பிறை சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி வாக்கில். பவளத்துக்குக் கண் கிடையாது, ஆனால் நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்கிற புரதங்கள் அதனிடம் இருக்கின்றன, நிலவொளிக்கு ஏற்ப அந்த மரபணுவின் வேலை மாறுகிறது என்று 2007ல் காட்டினார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது 2021ல் தைவானிலிருந்து வந்த ஆய்வு. பவுர்ணமியன்று சூரியன் விழும்போதே நிலா எழுந்துவிடும், இருட்டே கிடையாது. மறுநாளிலிருந்து நிலா தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் தாமதமாக வரும். ஆக, அஸ்தமனத்துக்கும் நிலா உதயத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இருட்டு இடைவெளி திறக்கிறது. பவளம் கவனிப்பது அந்த இடைவெளியைத்தான். அதை மறைப்புப் போட்டுச் செயற்கையாக முன்கூட்டியே இருட்டாக்கினால் முன்கூட்டியே முட்டை விடுகிறது. நிலா வெளிச்சத்தால்தான் நடக்கிறது என்று நாம் நினைத்திருந்தோம், பார்த்தால் வெளிச்சம் இல்லாததுதான் விஷயம்.

அந்தக் குட்டி இருட்டைக் கரையோர விளக்குகள் தின்றுவிடுகின்றன. 2023ல் வந்த ஒரு பெரிய அலசல், விளக்கு வெளிச்சம் விழும் பகுதிகளில் பவளங்கள் பவுர்ணமிக்கு ஒன்று முதல் மூன்று நாள்வரை நெருக்கமாக முட்டை விடுகின்றன என்று சொல்கிறது. மூன்று நாள் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வருஷத்துக்கு ஒருமுறை வரும் ராத்திரியில் பக்கத்துத் திட்டோடு மூன்று நாள் தப்பினால் அந்த வருஷம் அவ்வளவுதான். செங்கடலில் சில இனங்கள் தங்களுக்குள்ளேயே நேரம் தப்பி, இன்று கொஞ்சம் நாளை கொஞ்சம் என்று சிதறிச் சிதறி விடுவதை 2019ல் பதிவு செய்தார்கள். பெரிய பவளங்கள் ஆரோக்கியமாக நிற்கின்றன, அடியில் குஞ்சுகளைத்தான் காணோம்.

நேரம் ஒருபக்கம். தூரம்?

இதைப் படித்தபோதுதான் என் ஒண்டிக்கட்டையை நிமிர்ந்து பார்த்தேன். பலாவ் தீவுகளில் ஒரு குழு முட்டை விடும் ராத்திரியில் பவளங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருந்தால் எவ்வளவு கருவுறும் என்று கடலிலேயே அளந்தது, 2024ல் வெளியானது. அரை மீட்டருக்குள் ஜோடி இருந்தால் சராசரியாக 30 சதவீத முட்டைகள் கருவுற்றன. பத்து மீட்டரில் 10 சதவீதத்துக்கும் கீழே. இருபது மீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இருபது மீட்டர் என்பது எதிர்வீட்டுக்குக் கூப்பிடும் தூரம். விந்து தண்ணீரில் கரைந்து நீர்த்துப் போய்விடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு, "இந்தத் திட்டில் இத்தனை சதவீதம் பவளம் பிழைத்திருக்கிறது" என்று வரும் செய்திகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அந்தச் சதவீதம் பக்கத்துப் பக்கத்தில் பிழைத்திருக்கிறதா, இங்கொன்றும் அங்கொன்றுமாகவா? எண்ணில் இரண்டும் ஒன்றுதான். கடலில் ஒன்று ஊர், இன்னொன்று அங்கங்கே தனித்தனியாக நிற்கும் முதியவர்கள்.

ஃபுளோரிடாவில் நடந்தது இதுதான். 2023 கோடையின் வெப்ப அலைக்குப் பிறகு, அங்கே ஒருகாலத்தில் திட்டையே கட்டியெழுப்பிய மான்கொம்புப் பவளம், அதன் உறவான தடித்த கொம்புப் பவளம் இரண்டையும் செயலளவில் அழிந்தவை என்று 2025ல் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். ஒன்றுகூட இல்லை என்று அர்த்தமில்லை. சில இருக்கின்றன. திட்டைக் கட்டவோ தாமாகப் பெருகவோ போதாத அளவுக்கு இருக்கின்றன.

கிரேட் பேரியர் ரீஃபிலும் 2016, 2017 இரண்டு வருஷமும் அடுத்தடுத்து வெளுத்தபோது, 2018ல் புதிதாக வந்து ஒட்டிய குஞ்சுகள் முந்தைய அளவைவிட 89 சதவீதம் குறைவு என்று டெரி ஹியூஸ் குழு கணக்கெடுத்தது. செத்தவை முட்டை விடாது, அது சரி. பிழைத்தவையும் கொஞ்ச காலத்துக்கு விடாது, அல்லது குறைவாக விடும். பட்டினி கிடந்த உடம்பு முதலில் சதையைத் தேற்றும். என் பவளம் நான்கு மாதத்தில் நிறம் திரும்பியதைப் பார்த்து நான் துள்ளினேனே, முட்டை முதிர்வதற்குச் சில இனங்களுக்கு ஒன்பது மாதம்வரை ஆகும். நிறம் திரும்புவது தேறியதற்கு அடையாளம் இல்லை, சாகவில்லை என்பதற்கு அடையாளம்.

மீள்திறன் என்ற சொல்லை இப்போது எதற்கெடுத்தாலும் சொல்கிறார்கள், பவளத்துக்கும் சொல்கிறார்கள், எனக்கு அதன்மேல் ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கிற ஓர் இடம் தெரியும். வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வெளியே ஸ்காட் ரீஃப் என்று ஒரு திட்டு. மற்ற திட்டுகளிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தள்ளி, நடுக்கடலில். 1998 வெப்பத்தில் நாசமாகி, உயிருள்ள பவளம் 9 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வெளியிலிருந்து குஞ்சு மிதந்து வர வழியே இல்லை, எனவே தேறாது என்றே எதிர்பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் 44 சதவீதத்துக்கு ஏறியது. முதல் சில வருஷங்கள் புதுக்குஞ்சு கிட்டத்தட்ட இல்லை, மிஞ்சியவை சும்மா பெருத்துக்கொண்டே இருந்தன. அவை முட்டை விடும் அளவுக்கு வளர்ந்ததும் தம் திட்டைத் தாமே நிரப்பிவிட்டன. மீன்பிடித் தொல்லையும் கரையின் கழிவும் அங்கே அதிகம் இல்லாதது பெரிய உதவி. அப்புறம் 2016ல் மறுபடி சூடு வந்து மறுபடி வெளுத்தது. பன்னிரண்டு வருஷம் அவகாசம் கிடைத்தால் பவளம் தேறும். கேள்வி, இனி அந்தப் பன்னிரண்டு வருஷத்தை யார் கொடுப்பார்கள்? கிரேட் பேரியர் ரீஃபில் 2016, 2017, 2020, 2022, 2024 என்று வரிசையாக வெளுத்திருக்கிறது.

தூரத்தையும் நேரத்தையும் ஏமாற்றத்தான் இப்போது பாதி ஆராய்ச்சி. அதே பீட்டர் ஹாரிசன், 1980களில் டார்ச்சோடு இறங்கியவர், பிலிப்பைன்ஸில் வெடி வைத்து மீன் பிடித்துச் சிதைந்துபோன ஒரு திட்டில் 2013ல் லட்சக்கணக்கான குஞ்சுகளை வலைக்கூடாரத்துக்குள் விட்டார். முட்டையை மிதக்கும்போது அள்ளி, கருவுறவைத்து, குஞ்சு ஒட்டும் வயதுக்கு வந்ததும் திட்டின்மேல் கொட்டுவது. பெரும்பாலானவை செத்துப்போயின, அது எதிர்பார்த்ததுதான். தப்பியவை மூன்று வருஷத்தில் வளர்ந்து தாமே முட்டை விட்டன. மேரி ஹேகடோர்ன் குழு இன்னும் துணிச்சல்: ஃபுளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் எடுத்து உறையவைத்த விந்தை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் குராசவ் தீவின் முட்டைகளோடு சேர்த்தது. இருபது மீட்டருக்கு மேல் சேராத ஜோடி. அந்தக் குஞ்சுகள் வளரவும் செய்தன. லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் சூரியன், நிலா, பருவச் சூடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஓட்டி, தொட்டிக்குள்ளேயே அக்ரோபோராக்களைச் சொன்ன நேரத்துக்கு முட்டை விடவைத்தார். கடலே கண்ணில் படாத ஒரு கட்டடத்தில்.

சூடு தாங்கும் பெற்றோரைத் தேர்ந்து சேர்ப்பது இன்னொரு வழி. கிரேட் பேரியர் ரீஃபின் வெப்பமான வடக்கிலிருந்து ஒரு தாயையும் குளிர்ந்த தெற்கிலிருந்து ஒரு தந்தையையும் சேர்த்துப் பார்த்த 2015 ஆய்வில், குஞ்சு சூட்டில் பிழைக்கும் வாய்ப்பு பத்து மடங்குவரை ஏறியது. இதைக் கேட்டதும் எல்லாம் தீர்ந்ததுபோலச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தலைமுறை முட்டை விடும் வயதுக்கு வர மூன்று, நாலு, ஐந்து வருஷம். கடல் அதற்குள் அடுத்த சூட்டுக்கு வந்துவிடுகிறது. இவை எல்லாம் தூக்கிவிடும் கைகள்தாம், கரியமில வாயுவைக் குறைக்காமல் இவற்றை வைத்துக் கரை சேர முடியாது.

ஒரு சின்ன விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிறந்த குஞ்சு ஒரு மில்லிமீட்டர் இருக்கும், சில நாள் மிதந்து திரிந்துவிட்டுத் தரையிறங்க இடம் பார்க்கும். நல்ல திட்டின் சத்தத்தை, இறால்கள் படபடப்பதையும் மீன்கள் உறுமுவதையும் ஒலிபெருக்கியில் போட்டால் அங்கே அதிகம் வந்து ஒட்டுகின்றன என்று சோதித்திருக்கிறார்கள். இறங்கியதும் அது தேடுவது பாறைமேல் பூசியதுபோலப் படரும் ஒரு இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியை, அதன் வாசனை பட்டால்தான் உட்கார்ந்து பாலிப்பாக மாறும். தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாசி நன்றாகத் தெரியும். வாராவாரம் கண்ணாடியிலிருந்து பிளேடால் சுரண்டிச் சுரண்டி எறிவோமே, அதேதான்.

அப்புறம் அந்த விளக்கு. என் தொட்டி விளக்கில் நிலவொளி என்று ஒரு மங்கலான நீல விளக்கு உண்டு, வாங்கிய நாளிலிருந்து ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருக்கிறது. அழகாக இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அதாவது அந்தப் பவளத்துக்கு மூன்று வருஷமாகத் தினமும் பவுர்ணமி. தைவான் ஆய்வைப் படித்த அன்றே எழுந்து போய் அணைத்தேன். இப்போது ஒரு டைமர் போட்டிருக்கிறேன், அன்றன்று நிலா எத்தனை மணிக்கு எழுகிறதோ அந்த நேரத்துக்கு மாற்றிவைக்கிறேன், தேய்பிறையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே. ஒண்டிக்கட்டைக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை என்று நண்பர் சிரிக்கிறார். தெரியும். இன்று நிலா ஒன்பது பத்துக்கு. இப்போது மணி எட்டரை, தொட்டி இருட்டாக இருக்கிறது.